சந்தா கட்டிய ஊரின் ஆட்டக்காரர்கள்

(கோலார் தங்கவயலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டு வீரர்கள் தங்கள் சமூகத்துக்குச் செய்யும் தொண்டு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் எல்லார் மனசிலும் ஒரு புகைப்படம் வரும். பெயர் பெற்ற வீரர் ஒருவர், ஆளுயரக் காசோலை அட்டை, பின்னால் பேனர், முன்னால் வரிசையாக நிறுத்தி வைத்த குழந்தைகள். அதை நான் கேலி செய்ய வரவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பிள்ளைக்கு ஷூ வருகிறது என்றால் வரட்டும். ஆனால் தங்கவயலில் நின்றுகொண்டு பேச்சை அந்தப் படத்திலிருந்து தொடங்கினால் அது இந்த ஊருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. கொடுப்பதற்கு வேறொரு வழி உண்டு என்று இந்த ஊர் நூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் யார்? மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய தொழிலாளர்கள். வடாற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஊரில் சேரிக்கு வெளியே நடக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தவர்கள். அவர்கள் இங்கே பௌத்த சங்கம் வைத்தார்கள். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை வைத்துப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டார்கள். பண்டிதர் மறைந்து, பத்திரிகையும் நின்றுபோன பிறகு, 1920களில் அப்பாதுரையார் பொறுப்பில் 'தமிழன்' இந்த ஊரிலிருந்தே மறுபடி வெளிவந்தது. இதற்கெல்லாம் ஜமீன்தார் எவரும் பணம் கொடுக்கவில்லை. கூலியிலிருந்து எடுத்து வைத்த காசு அது. சந்தா. மாசாமாசம் கொஞ்சம், பலபேர், கணக்கு எழுதி, கணக்குக் கேட்டு.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: விளையாட்டு வீரர் ஊருக்குக் கொடுப்பதை இந்தச் சந்தாவை வைத்து அளந்து பாருங்கள், காசோலையை வைத்து அளக்காதீர்கள்.

இந்த ஊரில் பந்து எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கிளப், கோல்ஃப். தொழிலாளிக்கு லைன் வீடு, தட்டிக் குடிசை. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. அது முதலில் போனது சுரங்கத்துக்குத்தான், லைனுக்கு இல்லை. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்தச் சூட்டில், பாறை எந்த நேரம் வெடிக்கும் என்று தெரியாமல் ஷிஃப்ட் முடித்து மேலே வந்த மனிதன், முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபுட்பால் ஆடப் போனான், ஹாக்கி ஆடப் போனான், குத்துச்சண்டைக் கையுறையை மாட்டினான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். எட்டு மணி நேரம் பூமிக்குள் உடம்பை விற்றவனுக்கு, மிச்சமிருந்த வெளிச்சத்தில் அந்த உடம்பு தன்னுடையது என்று காட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

கம்பெனி ஏன் மைதானம் கொடுத்தது? சாராயக் கடைக்கும் சங்கத்துக்கும் போகாமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. உலகம் முழுக்கச் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் போட்ட கணக்கு அது. இங்கே அந்தக் கணக்கு தப்பிப் போனது. கைரேகை எடுத்துப் பதிவு செய்வோம் என்று கம்பெனி சொன்னபோது, 1930ல் ஊரே வேலையை நிறுத்தியது. சேர்ந்து ஓடப் பழகினவர்களுக்குச் சேர்ந்து நிற்கவும் தெரிந்திருந்தது.

இங்கே பிறந்த ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை. கென்னத் பவல், 1940ல் தங்கவயலில் பிறந்தவர். 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965ல் அர்ஜுனா விருது வாங்கினார். 1970ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற அணியில் இருந்தார். 2022 டிசம்பரில் காலமானார். மைதானத்திலிருந்து ஜெர்சியோடு நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம்; பெரியவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பவல் போன பாதை பெங்களூருப் பாதை. திறமை உள்ளவன் ரயில் ஏறிப் போவது இந்த ஊருக்குப் பழக்கமானது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்க நிறுவனமான பி.ஜி.எம்.எல். கதவை மூடிய பிறகு, திறமை உள்ளவன் இல்லாதவன் என்று பார்க்காமல் மொத்த ஊரும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் ஏறத் தொடங்கியது. வீடு திரும்ப இரவு ஆகிவிடுகிறது. பிள்ளைக்குப் பந்து போட அப்பாவுக்கு வெளிச்சம் மிச்சம் இல்லை.

ஆக, இங்கே தொண்டு என்று பேசினால் முதல் பொருள் நேரம். பணம் அப்புறம்தான்.

நேரம் கொடுத்த ஒரு பெண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த சில நாட்களில் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தியை அவர் தொலைக்காட்சியில் கேட்க வேண்டிவந்தது. ஒரு பெண்ணின் உடம்பை நாடு முழுக்க விவாதப் பொருளாக்கிவிட்டு, அவரை மட்டும் தனியாக விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாடு அரசு அவருக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்தது. வீடு கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பரிசு வாங்கினார்கள். ஓடக்கூடாது என்று சொல்லப்பட்டவர் மற்றவர்களை ஓடவைத்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கைதட்டு வாங்குவது சுலபம். ஆனால் மிச்சக் கதையையும் நாம் பார்க்க வேண்டும். பணம் தீர்ந்தது. அவருக்குக் கிடைத்த ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலையில் சம்பளம் சொற்பம், நிரந்தரமும் கிடையாது. 2012ல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். செய்தி வெளியே வந்த பிறகுதான் அசைவு உண்டாயிற்று. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு முடித்தார், 2016ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. அதற்காகவும், தனக்கு நேர்ந்த அவமதிப்புக்காகவும் ஆணையங்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சாந்தியின் கொடையில் குறை எதுவும் இல்லை. அவர் தன்னிடம் இருந்த அத்தனையையும் கொடுத்தார். குறை நம் பக்கம். ஒருவர் மொத்தமாகக் கொடுத்ததைச் சுற்றி, பலபேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாடு இருந்திருந்தால் அவர் சூளைக்குத் திரும்பியிருக்க வேண்டியதில்லை. தியாகம் என்று பெயர் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். தியாகி பசியோடு இருப்பதை நம் ஊர்கள் ஏதோ அழகு போலப் பார்க்கின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று சொல்கிறேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. கிரிக்கெட் வீரர் டி. நடராஜனை எல்லாருக்கும் தெரியும். 2020 கடைசியில் வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு வந்தவர். அவரைக் கண்டெடுத்தவர் ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் ஆட்டக்காரர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையனைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் அவர். நடராஜனுக்குக் கொஞ்சம் பணம் வந்ததும் இருவரும் சேர்ந்து ஊரில் பயிற்சி தொடங்கினார்கள். இந்தியச் சட்டை போடுவதற்கு முன்பே தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து பெரியசாமி என்ற இன்னொரு பந்துவீச்சாளர் டி.என்.பி.எல். கிரிக்கெட் போட்டியில் பெயர் வாங்கினார். 2023 ஜூனில் அதே ஊரில் நடராஜன் கிரிக்கெட் மைதானம் திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். இது ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிற வரிசை. முதல் கை புகழ் பெற்ற கை இல்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

அதே மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய கையோடு, தான் படித்த அரசுப் பள்ளிக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுத்தார். இதுவும் காசோலைதான். ஆனால் காசு ஓர் அரசுப் பள்ளிக்குள் போனது, இன்னொரு அறக்கட்டளைப் பலகைக்குப் போகவில்லை.

உங்கள் ரயில் போய் நிற்கிற பெங்களூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜூட் ஃபெலிக்ஸ், தொண்ணூறுகளில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர். 2009ல் ஆதரவற்றோர் இல்லத்துப் பையன்களை வைத்து ஹாக்கி அகாடமி தொடங்கினார். வட சென்னையில் வியாசர்பாடி. உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு உள்ளூர் ஃபுட்பால்காரர்கள் கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைக்கிறார்கள். ஆட்டத்தோடு மாலை வகுப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வியாசர்பாடியும் தங்கவயலும் ஒன்றுக்கொன்று உறவுக்கார ஊர்கள்தானே. அதே குடும்பங்கள், அதே ஃபுட்பால், அதே குத்துச்சண்டை. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கடல் தாண்டியும் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா வடாற்காட்டிலிருந்து தங்கம் தோண்ட வந்த காலத்தில், இன்னொரு கூட்டம் கப்பலேறி இலங்கைக்குத் தேயிலை பறிக்கப் போனது. இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் தாத்தா 1920ல் அப்படிப் போனவர். 2004 டிசம்பர் 26ஆம் தேதி முரளி தெற்குக் கரையில் சீனிகமவில் ஒரு பரிசளிப்புக்குப் போக வேண்டியவர். இருபது நிமிஷம் தாமதமானதால் சுனாமிக்குத் தப்பினார். அதற்குப் பிறகு லாரி லாரியாக உணவு ஏற்றி அனுப்பினார். சிங்கள கிராமமான சீனிகமவில் வீடுகள் கட்டிய அறக்கட்டளையின் அறங்காவலர்களில் அவரும் ஒருவர். யாருடைய மனிதன் யாருக்குக் கொடுப்பது என்று அந்த நாட்டில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. தன் சமூகம் எது என்பதை ஒரு ஆட்டக்காரர் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இதுவரை பேசியது உழைப்பைக் கொடுப்பது. குரலைக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம்.

பல்வங்கர் பாலு என்று ஒருவர். இந்த மாநிலத்துத் தார்வாரில் 1876ல், சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளம் சீர்செய்யும் வேலை. மாதம் நாலு ரூபாய். வலைப் பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழலில் வித்தகர் ஆனார். பிறகு இந்துக்கள் அணியில் எடுத்தார்கள். விக்கெட் எடுக்க அவர் வேண்டும். தேநீர் நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். 1911ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். திரும்பி வந்தும் தலைமைப் பதவி கொடுக்கவில்லை. அந்தப் பதவி 1923ல்தான் அந்த வீட்டுக்கு வந்தது, அதுவும் அவருடைய தம்பி விட்டலுக்கு.

இளைஞர் அம்பேத்கருக்குப் பாலு பெரிய ஆதர்சம். தீண்டப்படாதவன் எனப்பட்டவன் திறமையால் தலைநிமிர்ந்ததற்குக் கண்ணுக்கு முன்னால் இருந்த சாட்சி. ஆனால் அரசியல் வந்தபோது இருவரும் எதிரெதிர்ப் பக்கம் போனார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் பாலுவும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது, பாலு தோற்றார். அதே அம்பேத்கர் 1954ல் உங்கள் தங்கவயலுக்கு வந்தபோது ஊர் அவரை எப்படி வரவேற்றது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

பாலுவைத் துரோகி என்று சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு அவருடைய நியாயம் இருந்தது. ஆனால் ஆட்டக்காரரின் புகழ் என்பது ஒரு சரக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போக எப்போதும் யாராவது வாசலில் காத்திருப்பார்கள். இன்றைக்குப் போதை ஒழிப்புத் தூதர், தேர்தல் தூதர், தூய்மைத் தூதர் என்று வீரர்களுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். எந்தத் தூதராவது அனுப்பியவருக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2023ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், பாலியல் சீண்டலுக்கு எதிராக. மே 28ஆம் தேதி அவர்களைச் சாலையில் இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற அணியினர் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த கிரிக்கெட் நட்சத்திரங்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் குரல் வரும் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற ஃபுட்பால்காரர் 2020 ஜூனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதினார்: கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு நிற்கக்கூடாது என்று. அரசு முதலில் மறுத்தது, பிறகு இறங்கி வந்தது. பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது நமக்கு அதிசயம் இல்லை. 1920லேயே சென்னை மாநகராட்சி தொடங்கிவிட்டது. ராஷ்ஃபோர்டின் குரல் எடுபட்டதற்குக் காரணம், அவரே அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர். தான் பட்டதைப் பேசினார்; அதனால் அவர் வாயில் யாரும் வேறு வார்த்தையைத் திணிக்க முடியவில்லை.

சரி, தங்கவயலில் ஆட்டக்காரர் எதைப் பேசுவது? இங்கே கொஞ்சம் காரியமாகப் பேசுவோம்.

ஊரைச் சுற்றி, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய பதின்மூன்று சயனைட் மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண். காற்றடி காலத்தில் அந்தத் தூசு எங்கே போய் இறங்குகிறது என்று மைதானத்தில் ஓடுகிறவனைவிட யாருக்குத் தெரியும்? இந்த மண்ணில் மிச்சத் தங்கம் எடுப்பது பற்றி டெல்லியும் பெங்களூரும் பேசும்போது, டன்னுக்கு எத்தனை கிராம் என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. பக்கத்தில் ஓடுகிற பிள்ளையின் மூச்சு பற்றியும் ஒருவர் கேட்க வேண்டும். சிலிக்கோசிஸ் நோயில் இருமி இருமிச் செத்த தாத்தாக்களின் பேரன்கள் இவர்கள்.

மைதானங்களும் அப்படித்தான். அவை கம்பெனி காலத்து நிலங்கள். நாளைக்குத் தொழிற்பேட்டைக்கு நிலம் பிரிக்கும்போது, மேப்பில் மைதானம் காலி இடமாகத்தான் தெரியும். தினமும் ஆடுகிற இடம் காலி இடம் இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

வெறும் பேச்சு எடுபடாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒன்று கேட்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கொடுக்கிற அண்ணன்மார்களே, நீங்கள் ஒரு நோட்டு வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை, வராததற்குக் காரணம் என்ன. காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கியது எத்தனை பேர். காற்றடி மாசத்தில் இருமியது எத்தனை பேர். எட்டாம் வகுப்போடு எந்தப் பெண்பிள்ளைகள் நின்றார்கள், வீட்டில் என்ன சொல்லி நிறுத்தினார்கள். எந்தப் பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், எத்தனை வயசில். ஒரு வருஷம் எழுதினால் அதைப்போல ஓர் ஆவணம் எந்த அதிகாரியிடமும் இருக்காது. அதை எடுத்துக்கொண்டு நகரசபைக்குப் போகலாம், சுகாதார அலுவலகத்துக்குப் போகலாம், பத்திரிகைக்காரரைக் கூப்பிடலாம். தொண்டும் வாதாடலும் இரண்டு வேலை என்று நினைக்கிறோம். பயிற்சியாளர் நோட்டு எழுதினால் இரண்டும் ஒரே வேலை.

இரண்டாவது, வெளியே போய்விட்ட ஆட்டக்காரர்கள். ரயில்வேயில் இருப்பவர், போலீஸில் இருப்பவர், பெமல் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், வளைகுடாவில் இருப்பவர். அவர்களிடம் ஒரு தடவைக்குப் பெரிய தொகை கேட்காதீர்கள். கேட்டால் கொடுப்பார்கள், கல்வெட்டில் பெயர் போடுவோம், அதோடு முடிந்தது. மாசம் இருநூறு ரூபாய் கேளுங்கள். ரசீது கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்குப் படியுங்கள், சண்டை வரும், வரட்டும். சண்டை வருகிற சங்கத்தில் காசு எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணத்தில் முதலில் பயிற்சியாளருக்குச் சம்பளம். ஜெர்சி அப்புறம் வாங்கலாம்.

மூன்றாவதாக, பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் நேரம் ஒதுக்குவது. இதற்குப் பணமே வேண்டாம், அண்ணன்மார்கள் ஒரு மணி நேரம் தள்ளி நின்றால் போதும். இதைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு வருகிறது. சிரிப்பது யார் என்று இங்கிருந்தே தெரிகிறது.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைதானத்தைப் பராமரிப்பதும், பயிற்சியாளரை நியமிப்பதும், மேட்டுத் தூசை அடக்குவதும் அரசின் கடமை. சந்தா கட்டுகிறவனுக்குத்தான் அந்தக் கடமையைக் கேட்கும் தெம்பு வரும் என்பது உங்கள் ஊர்ச் சரித்திரத்தில் நான் படித்தது. 'தமிழன்' பத்திரிகைக்குக் காசு கட்டின ஊர்தான் 1930ல் கம்பெனியை எதிர்த்து நின்றது.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்வி நேரத்தில் சயனைட் மேட்டு விஷயத்தைத் தெரிந்தவர்கள் எழுந்து பேசுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன். நோட்டு வாங்க வேண்டியவர்கள் போகும்போது என்னிடம் வாருங்கள். ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறேன்.